இரண்டாவது மிடறு

2007-ஆம் ஆண்டு கோடையில் ஜப்பானியக் கடைகளுக்கு வெளிர்பச்சை நிறத்தில் ஒரு பெப்சி வந்தது. வெள்ளரிக்காய்ச் சுவை. அங்கே பெப்சியைத் தயாரித்து விற்கும் சன்டோரி நிறுவனம் ‘ஐஸ் குகும்பர்’ என்று பெயரிட்டு அதை இறக்கியது. பாட்டிலுக்குள் வெள்ளரிக்காய் ஒரு துளிகூடக் கிடையாது. அதன் வாசனையைப் போலச் செய்த எசென்ஸ்தான் இருந்தது. கோடை முடிவதற்குள் அது கடையை விட்டுப் போய்விட்டது. 2009-இல் ஷிசோ என்கிற வாசனைத் தழையின் சுவையில் ஒன்று வந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் அசுக்கி என்கிற சிவப்புப் பயறின் சுவையில் இன்னொன்று, மறு ஆண்டு பாவோபாப் மரத்தின் பெயரில் வேறொன்று. எல்லாமே குறுகிய காலத்துக்கு மட்டும் என்று அறிவித்து விற்கப்பட்டவை. இன்று உலகம் முழுவதும் நொறுக்குத்தீனியும் குளிர்பானமும் விற்பவர்கள் இந்த வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். நம் தெருமுனைப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளிலும் மாதத்துக்கொரு புதுப் பெயர் ஏறுகிறது. வாங்கிப் பிரித்து, ஒரு வாய் போட்டு, முகம் சுளித்தோ வியந்தோ தீர்ப்புச் சொல்லும் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. இதையெல்லாம் வெட்டிப் பழக்கம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அப்படி ஒதுக்க எனக்கு மனமில்லை. தெரியாத ஒன்றை வாயில் போட்டுப் பார்க்கும் துணிச்சல் மனிதரின் நல்ல குணங்களில் ஒன்று. ஆனால் ஒரு புதுச் சுவை நம்முடையதாக ஆக நாள் பிடிக்கும். அந்த நாளைத்தான் இன்றைய புதுமை வியாபாரம் நமக்குக் கொடுப்பதில்லை. அதனால் முன்னெப்போதையும்விட அதிகமாக ருசி பார்க்கிறோம், மிகக் குறைவாகவே ருசி பழகுகிறோம்.

யூகலிப்டஸ் இலையைத் தின்றே வாழும் கோவாலாவுக்கு ‘இன்று என்ன சாப்பிடலாம்’ என்ற கேள்வி எழுவதில்லை. எலிக்கும் மனிதனுக்கும் எழுகிறது. அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் 1976-இல் இதை அனைத்துண்ணிகளின் இக்கட்டு என்று விளக்கினார். எதையும் தின்னக்கூடிய உயிருக்குப் புதிய உணவு தேவை, அதே புதிய உணவு நஞ்சாகவும் இருக்கலாம். ஆகவே ஆசையும் அச்சமும் ஒரே நாக்கில் குடியிருக்கின்றன. இரண்டு வயதிலிருந்து ஐந்தாறு வயதுவரை குழந்தைகள் புது உணவைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்வது இந்த அச்சத்தால்தான். அதைப் பிடிவாதம் என்று அடிப்பதில் நியாயமில்லை. அச்சம் எப்படிக் கரைகிறது என்பதை லியான் பர்ச் என்ற ஆய்வாளர் 1982-இல் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் சோதித்தார். அதுவரை அறியாத உணவுகள் சிலவற்றை வெவ்வேறு எண்ணிக்கையில் ருசிக்கக் கொடுத்தார்கள். சிலதை இரண்டே முறை, சிலதை இருபது முறைவரை. அதிக முறை நாக்கில் பட்டது எதுவோ அதைக் குழந்தைகள் அதிகம் விரும்பின. முதல் வாயில் துப்பியதைப் பத்தாவது வாயில் கேட்டு வாங்குவது குழந்தையின் இயல்பு. பெரியவர்களுக்கும் இது பெருமளவு பொருந்தும்.

வெறும் திரும்பத் திரும்பத் தருதல் மட்டும் போதாது என்பதற்கும் ரோசினே ஒரு சான்று தருகிறார். மெக்சிகோவின் மலைக் கிராமம் ஒன்றில் மிளகாய் தின்னும் பழக்கத்தை அவர் ஆராய்ந்தார். குழந்தைகளை யாரும் வற்புறுத்துவதில்லை. பெரியவர்களும் அண்ணன் அக்காக்களும் ரசித்துத் தின்பதைப் பார்த்து, தாமாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டு, பள்ளி செல்லும் வயதில் விரும்பித் தின்பவர்களாகிவிடுகிறார்கள். அதே கிராமத்து நாய்களும் பன்றிகளும் மிளகாய் கலந்த மிச்சம் மீதியைத்தான் நாள் தவறாமல் தின்கின்றன. ஆனால் காரத்தை விரும்பும் ஒரு விலங்கைக்கூட அவரால் அங்கே காட்ட முடியவில்லை. ஒரு சுவை ஊன்றுவதற்கு நாளும் வேண்டும், கூட உட்கார்ந்து தின்னும் மனிதர்களும் வேண்டும்.

நம் சமையலறையே இதற்குச் சாட்சி. மிளகாய் இல்லாத சாம்பாரை இன்று யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். அது போர்த்துகீசியர் வந்த பிறகு, 16-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்த காய். அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகும் இஞ்சியும் திப்பிலியும்தான். காப்பியின் கதை இன்னும் அண்மையது. வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற தம் நூலில், அது தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தபோது எழுந்த ஏச்சையும் அச்சத்தையும், நீராகாரத்தின் இடத்தை அது பிடித்த விதத்தையும் விரிவாகக் காட்டியிருக்கிறார். கோலி சோடாவை நம் மண்ணின் பானம் என்று கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பாட்டில் இங்கிலாந்தின் ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற வடிவம். கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, விளிம்பில் ஒரு ரப்பர் வளையம். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து வாயு ஏற்றினால் உள்ளழுத்தமே கோலியைத் தள்ளி வளையத்தோடு ஒட்டவைத்து அடைத்துவிடும், தக்கையே வேண்டாம். ஜப்பானில் ‘ராமுனே’ என்ற பானம் இன்றும் இதே பாட்டிலில்தான் விற்கிறது. மிளகாய், காப்பி, சோடா மூன்றுமே ஒரு காலத்தில் விநோதப் பண்டங்கள். மூன்றும் நிலைத்ததற்குக் காரணம், திரும்பத் திரும்பக் கிடைத்தன, பலர் கூடிச் சாப்பிட்டார்கள், நம் கைப்பக்குவத்துக்கு ஏற்ப அவற்றை மாற்றிக்கொள்ள நேரம் இருந்தது. ஆறு மாதத்துக்கு மட்டும் என்று போர்த்துகீசியர் மிளகாயை விற்றிருந்தால் நமக்கு ஊறுகாய் இப்படிக் கிடைத்திருக்காது.

இன்றைய புதுமை எங்கே உருவாகிறது என்று பார்த்தால் விஷயம் துலங்கும். குழல் குழலாக, சுருள் சுருளாக வரும் மொறுமொறுப்பான தீனிகளை எடுத்துக்கொள்ளலாம். மக்காச்சோளக் குருணையையோ அரிசி, கடலை மாவையோ சற்றே ஈரப்படுத்தி, நீண்ட உருளைக்குள் திருகுமரை தள்ள, அழுத்தமும் சூடும் ஏற்றுகிறார்கள். மாவு கூழாக உருகி முனையிலுள்ள சிறு துளை வழியாக வெளியே பாய்கிறது. அழுத்தம் சட்டென்று விடுபட்டதும் உள்ளிருந்த நீர் ஆவியாகி வெடிக்க, மாவு பஞ்சாகப் பொரிகிறது. சுழலும் கத்தி அதைத் துண்டு போடுகிறது. 1930-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பெலாய்ட் நகரத்து மாட்டுத்தீவனத் தொழிற்சாலை ஒன்றில், இயந்திரம் அடைத்துக்கொள்ளாமலிருக்க ஈரச் சோளத்தைப் போட்டபோது தற்செயலாகப் பிறந்த பண்டம் இது. பொரிந்த துண்டை வறுத்தோ சுட்டோ காயவைத்த பின், சுழலும் பெரிய டிரம்முக்குள் கொட்டி, எண்ணெய் தெளித்து, மசாலாப் பொடி தூவிப் புரட்டுகிறார்கள். பொடி மொத்த எடையில் ஒரு சிறு பங்குதான். அதுவரை வந்த சோளம், எண்ணெய், இயந்திரம், ஆள், மின்சாரம் எதுவும் மாறுவதில்லை. தக்காளி வேண்டுமா, பெரிபெரி வேண்டுமா, மாங்காய் வேண்டுமா என்பது கடைசி டிரம்மில் முடிவாகும் சங்கதி. குளிர்பானமும் அப்படியே. தண்ணீர், சர்க்கரைப் பாகு, சிட்ரிக் அல்லது பாஸ்பாரிக் அமிலம், கரியமில வாயு எல்லாம் நிலையானவை; எசென்ஸும் நிறமும் மட்டும் மாறுகின்றன. ஆகவேதான் வெள்ளரிக்காய் பெப்சி போன்றவற்றைக் கோடைக்கு ஒன்றாக இறக்க முடிகிறது. புதுப் பயிரைத் தேடவோ புதுப் பக்குவத்தைக் கண்டுபிடிக்கவோ ஆகும் உழைப்பு இதில் இல்லை. செலவு குறைவு, பேச்சு அதிகம். விநோதச் சுவையைத் தேடிக் கடைக்கு வருகிறவர் பக்கத்திலுள்ள வழக்கமான பாட்டிலையும் எடுத்துப்போகிறார்.

முதல் மிடறின் தீர்ப்பு எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு வணிக வரலாற்றிலேயே பெரிய பாடம் உண்டு. 1975-இல் பெப்சி நிறுவனம், பெயர் மறைத்த சிறு கோப்பைகளில் இரண்டு கோலாக்களையும் கொடுத்து எது பிடிக்கிறது என்று கேட்கும் பிரசாரத்தைத் தொடங்கியது. பலர் பெப்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். கோகோ-கோலா கலங்கிப்போய் இனிப்பைக் கூட்டிப் புதுக் கலவை தயாரித்து, ஏறக்குறைய 2 லட்சம் பேரிடம் ருசி பார்க்கச் சொல்லி, பழையதைவிட இதுவே மேல் என்று உறுதிசெய்துகொண்டு 1985 ஏப்ரல் 23-இல் வெளியிட்டது. நாடெங்கும் மக்கள் கொதித்தார்கள்; 79 நாளில், ஜூலை 11 அன்று, பழைய கோலா திரும்பியது. ஒரு பானத்தோடு மக்களுக்குள்ள உறவு சோதனைக் கோப்பையில் அகப்படாது என்பது இதன் ஒரு பாடம். ருசிச் சோதனைத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் இன்னொரு பாடமும் உண்டு: ஒரே ஒரு மிடறு என்றால் தித்திப்பு கூடியதே ஜெயிக்கும், அதையே பாட்டில் கணக்கில், வாரக்கணக்கில் குடிக்கச் சொன்னால் திகட்டல் தலைதூக்கி முடிவு மாறும். ஒரு வாய் சோதனை உரத்த சுவைக்குச் சாதகமான தராசு. மெல்லிய சுவைகள் அதில் தோற்றுப்போகும். நன்னாரி சர்பத்தையும் சுக்கு காப்பியையும் அந்தக் கோப்பையில் வைத்தால் அவையும் தோற்கும்.

புதுமை வியாபாரத்துக்கு உடம்பின் இன்னொரு இயல்பும் துணைபோகிறது. ஒரே சுவையைத் தின்றுகொண்டே இருந்தால் அதன்மேல் ஆசை தணியும், வேறு சுவை வந்தால் பசி மறுபடி எழும். பந்தியில் வயிறு முட்டியவர் பாயசத்துக்கு இடம் கண்டுபிடிப்பது இதனால்தான். பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளர் 1980-களின் தொடக்கத்தில் சாண்ட்விச் கொடுத்துச் சோதித்தபோது, ஒரே பூரணம் வைத்ததைத் தின்றவர்களைவிட நான்கு வகைப் பூரணம் கிடைத்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு அதிகம் தின்றார்கள். காட்டிலும் வயலிலும் இந்தக் குணம் நம்மைப் பல சத்துகளை நோக்கித் தள்ளியது. கீரையோடு கிழங்கு, கிழங்கோடு பருப்பு என்று தட்டு நிறைந்தது. ஆனால் ஒரே சோளம், ஒரே எண்ணெய், ஒரே உப்பு நாற்பது பொடியில் வரும்போது நாக்குக்குப் பன்மை, உடலுக்கு ஒருமை. இயற்கை தந்த உள்ளுணர்வு அங்கே குறி தவறுகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். முயற்சியே செய்யாமல் எது நிலைக்கும் என்று எப்படித் தெரியும்? நூறு விதைத்தால்தானே ஐந்து முளைக்கும்? உண்மைதான். உருளைக்கிழங்கு சிப்ஸுக்கு உப்பு மட்டுமே சுவையாக இருந்த காலத்தில், 1954-இல் டப்ளினில் டேய்ட்டோ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கிய ஜோ மர்பி சீஸும் வெங்காயமும் கலந்த சுவையைக் கொண்டுவந்தார். இன்று அது அயர்லாந்தின் அன்றாட உணவில் ஒன்று. ஜப்பானியக் கிட்கேட் இன்னும் நல்ல உதாரணம். 2000-இல் ஹொக்கைடோவில் ஸ்ட்ராபெரி சுவையோடு தொடங்கியது, இதுவரை 300-க்கும் மேற்பட்ட சுவைகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை வந்த சுவடில்லாமல் மறைந்தன. 2004-இல் வந்த மாட்சா, அதாவது பச்சைத் தேயிலைப் பொடிச் சுவை, நிலைத்தது. ஏன் நிலைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தத் தேயிலையின் கசப்பை ஜப்பானியர் பல நூறாண்டுகளாக அறிவார்கள். சாக்லேட்டின் இனிப்போடு அது பொருந்திப்போனது. ஷிசுவோகா பகுதியின் பழைய வசாபிக் கடையோடு சேர்ந்து செய்த வசாபிக் கிட்கேட்டும் அப்படியே. ஊருக்குப் போய்த் திரும்புகிறவர் அந்த ஊர்ப் பண்டத்தை வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வாங்கிவரும் வழக்கம் அங்கே வலுவானது. அந்த வழக்கத்தோடு இந்தச் சுவைகள் தம்மைப் பிணைத்துக்கொண்டன. நிலைத்த புதுமைகளுக்கு ஒரு நிலமும் ஒரு பழக்கமும் பின்னால் இருந்தன என்பதே எனக்கு இதில் தெரிகிறது. ஆகவே விதைப்பதை நான் எதிர்க்கவில்லை. முளைக்கும் முன்பே பாத்தியை உழுது அடுத்ததை விதைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

பத்து ரூபாய் வேடிக்கைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்பவர்களும் உண்டு. பெரியவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கலாம், யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஐந்து, பத்து, இருபது ரூபாய் விலைகள் பள்ளிக்கூட வாசலைக் குறிவைத்தே அமைகின்றன. பளபளக்கும் நிறத்தில் வரும் எனர்ஜி பானங்களைப் பாருங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு விதியின்படி இவ்வகைப் பானத்தில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம். அதாவது 250 மில்லி பாட்டில் ஒன்றில் 75 மில்லிகிராம் வரை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல என்று அதிலேயே அச்சிட வேண்டும் என்பதும் விதி. அந்த வரியைப் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, பாட்டிலின் மற்ற இடமெல்லாம் மின்னலும் வேகமுமாக நிரப்புகிறார்கள். சர்க்கரைக் கணக்கும் அப்படியே. சாதாரண கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10, 11 கிராம் சர்க்கரை. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பெரியவர்களுக்குச் சொன்ன கணக்கை ஒரு 250 மில்லி பாட்டிலே தின்றுவிடுகிறது. ‘புதுசு’ என்ற ஒரு சொல் போதும், இந்தக் கணக்கெல்லாம் குழந்தையின் கண்ணிலிருந்து மறைய.

எல்லாவற்றிலும் கூர்மையான மறுப்பு ஒன்று என் வாதத்துக்குள்ளிருந்தே எழுகிறது. திரும்பத் திரும்பத் தின்றால்தான் பழகும் என்றால், இந்தப் பாக்கெட் தீனிகள் வந்த வேகத்தில் மறைவதே நல்லதல்லவா? நிலைத்தால் இன்னும் ஆபத்தாயிற்றே? 2019-இல் அமெரிக்காவில் ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஆராய்ச்சி விடுதியில் தங்கவைத்து, இரண்டு வாரம் மிகைப்பதன உணவும், அதாவது ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் எளிய உணவும் கொடுத்தார்கள். உப்பும் கொழுப்பும் சர்க்கரையும் நார்ச்சத்தும் இரண்டிலும் சமமாக இருக்குமாறு பரிமாறியும், மிகைப்பதன உணவு நாட்களில் அவர்கள் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள். இதை மறுக்க முடியாது. என் பதில் இதுதான்: சுவைகள் மாறி மாறி மறைகின்றன, அவற்றைத் தாங்கும் சோளமும் எண்ணெயும் உப்பும் சர்க்கரையும் எங்கும் போவதில்லை. மாதத்துக்கொரு பெயரைத் தின்கிறவர் உண்மையில் ஒரே பண்டத்தை மாதா மாதம் தின்று பழகிக்கொண்டிருக்கிறார். ருசி பார்ப்பவர் தேட வேண்டிய புதுமை பாக்கெட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. உள்பொருள் பட்டியல் எடை வரிசைப்படி அச்சிடப்படுகிறது. முதல் மூன்று பெயர்கள் போன பாக்கெட்டில் இருந்தவையே என்றால் அது பழைய பண்டம். ஆரஞ்சு நிறப் பானத்தில் ‘பழம் இல்லை’ என்ற வரி இருக்கிறதா என்று ஒருமுறை திருப்பிப் பாருங்கள். சிலி நாடு 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி மிகுந்த பாக்கெட்டுகளின் முகப்பிலேயே கறுப்பு எண்கோண முத்திரையைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 2022-இல் நட்சத்திரக் குறியீட்டுக்கு வரைவு வந்தது. மதிப்பெண் போடும் நட்சத்திரத்தைவிட எச்சரிக்கும் முத்திரையே குழந்தைக்கும் எழுதப்படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் என்பது என் துணிபு.

பாட்டி சுட்ட பண்டம் இருக்கப் புதியது எதற்கு என்று சொல்கிறவர்களோடும் என்னால் முழுக்க ஒத்துப்போக முடியாது. விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க் நிறுவனம் 1958-இல் பொவொண்டோவைக் கொண்டுவந்தபோது அதுவும் புதுச் சரக்குதான். இடையில் பன்னாட்டுக் கோலாக்கள் வந்து நின்றபோதும் அது தாக்குப்பிடித்தது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து 2017 மார்ச் முதல் தேதியிலிருந்து அந்நியக் கோலாக்களை விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, மக்கள் தேடிப்போக ஒரு பழகிய பெயர் கைவசம் இருந்தது. அதிலும் சர்க்கரை உண்டு, அளவோடுதான் குடிக்க வேண்டும். நான் சொல்ல வருவது, ஆண்டாண்டாக ஒரே சுவையில் நின்று தலைமுறைகளின் நாக்கில் இடம் பிடித்த பொறுமையை. உள்பொருளிலேயே புதுமை செய்ய நம்மிடம் இடமும் நிறைய இருக்கிறது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின் வரகு முறுக்கு, தினை லட்டு, கம்புப் பக்கோடா என்று கடைகளில் வரிசை கட்டின. பல வீடுகளில் ஒரு பாக்கெட்டோடு நின்றுபோயின. பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்றார்கள். பர்ச் இருபது முறைவரை கொடுத்துப் பார்த்தார். நாம் ஒரு முறை கொடுத்துவிட்டுத் தீர்ப்பு எழுதினோம்.

ருசி பார்த்துச் சொல்வதைத் தொழிலாகவே கொண்டவர்கள் இன்று லட்சக்கணக்கானோரின் நாக்குக்கு வழிகாட்டுகிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு குடித்த கையோடு மதிப்பெண் போடாதீர்கள்; முழுப் பாட்டிலையும் குடித்துவிட்டுச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து அதே பானத்தை மறுபடி வாங்கிக் குடித்து, முன்பு சொன்னது இப்போதும் சரியா என்று இன்னொரு வீடியோ போடுங்கள். அதற்குள் அது கடையிலேயே இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். பின்பக்க எழுத்தை வாசித்துக் காட்டுங்கள், சர்க்கரையைக் கரண்டியில் அளந்து மேசையில் கொட்டிக் காட்டுங்கள். நிறுவனம் அனுப்பிவைக்கும் பெட்டியைப் பிரிக்கும் அதே ஆர்வத்தோடு, உங்கள் ஊர்ச் சந்தையில் பெயர் தெரியாமல் கடந்துபோகும் ஒரு கிழங்கை, ஒரு பழச்சாற்றை, பக்கத்து மாவட்டத்துப் பலகாரம் ஒன்றை எடுத்துவந்து, அதை அன்றாடம் தின்கிறவர்களோடு உட்கார்ந்து தின்னுங்கள். முதல் வாய் பிடிக்காவிட்டால் அப்படியே சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் போங்கள்.